ஸ்தமாத்தெல்லா சுரண்டிப் பார்த்த இங்கிலீஷ் அடுக்கு

ஸ்தமாத்தெல்லா தன் வீட்டுக் கோழி இட்ட முட்டையையே வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்த பிறகுதான் உடைப்பாள். பக்கத்து வீட்டுக்காரி சும்மா ஒரு கூடை அத்திப்பழம் கொடுத்தால், இதற்குப் பதிலாக இவள் என்ன கேட்கப் போகிறாளோ என்று அன்றைக்கே யோசிக்க ஆரம்பித்துவிடுவாள். அவள் கணவன் அரிஸ்தீதிஸ் எங்கள் கிரேக்கத் தீவின் வடக்குக் கரைக்கும் கெர்கிரா நகரத்துக்கும் நடுவே பஸ் ஓட்டுகிறவன், வாயில்லாப் பூச்சி. இத்தனை வருடத்தில் தான் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை என்பதே அவளுக்குப் பெரிய சந்தேகம் என்று சொல்லி அவனே சிரிப்பான்.

இப்படிப்பட்டவளைத்தான் யெராசிமோஸ் தன் கடையில் இங்கிலீஷ் சாமான் அடுக்குக்குப் பொறுப்பாக வைத்தான். வளைவு ரோட்டில் இரண்டு வாசல் வைத்த பெரிய கடை அது. அவன் கெஃபலோனியாத் தீவுக்காரன், எங்கள் ஊருக்கு மருமகனாக வந்தவன், கெட்டிக்காரன். ஸ்தமாத்தெல்லாவின் மகள் எவான்தியாவுக்கு ஞானஸ்நானம் செய்துவைத்த ஞானத் தகப்பனும் அவன்தான். அதனால் அவர்களுக்குள் கும்பாரே உறவு. எங்கள் பக்கத்தில் அது கூடப் பிறந்தவனுக்குச் சமம். இருந்தாலும் கடைக்குள் அவள் அவனை 'நீங்க' என்றுதான் சொல்வாள். கடை வேறு, வீடு வேறு என்பாள்.

நான் அதே கடையில் பாலாடைக்கட்டியும் ஆலிவும் விற்கிறவன். என் மேடைக்கு நேர் எதிரே அந்த அடுக்கு. மேலே சின்னச் சின்ன இங்கிலீஷ் கொடிகளாகக் கோத்த தோரணம். ஓரத்தில், கரடித் தோல் தொப்பி போட்ட சிவப்புச் சட்டைச் சிப்பாய் ஒருவன், அட்டையில் வெட்டியது. அவனைத் தாண்டினால் இனிப்புச் சாறில் ஊறிய அவரைக்கொட்டை டின்கள், புதினா சாஸ், மஞ்சள் கஸ்டர்ட் பவுடர், சாலட் கிரீம், ஆரஞ்சுத் தோல் ஜாம், வண்டி அச்சுக்குப் போடுகிற மசியைப் போல ஒரு கறுப்புப் பசை. எல்லாவற்றுக்கும் மேல் தட்டில், சிவப்பு பஸ் படம் போட்ட வெண்ணெய் பிஸ்கட் டப்பாக்கள்.

இது எதையும் மனிதர்கள் சாப்பிடுவார்கள் என்று ஸ்தமாத்தெல்லா நம்பவில்லை. வேலைக்கு வந்த புதிதில் டப்பா டப்பாவாக எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பிஸ்கட் டப்பாவின் அடியில், பொடி எழுத்தில், வேறு ஏதோ நாட்டில் செய்தது என்று போட்டிருந்தது. 'பழைய இங்கிலாந்து முறை' என்று கொட்டை எழுத்தில் சொன்ன ஜாம் பாட்டில், பெலொப்பொனீசில் ஒரு பழத் தோட்டத்து ஊரிலிருந்து வந்திருந்தது. அதை என் மேடைக்குக் கொண்டுவந்து காட்டினாள். "பாத்தியா? இந்த ஆரஞ்சு நம்ம கிரேக்க ஆரஞ்சு. இங்கிலாந்தோட முகத்தைக்கூடப் பாத்ததில்ல" என்றாள். கறுப்புப் பசையில் விரல் நுனி தோய்த்து நாக்கில் வைத்தவள், கடைப் பின்கட்டுக் குழாயடியில் வெகுநேரம் நின்றாள். அதற்குப் பிறகு யார் வந்தாலும் இதே கேலிதான். இங்கிலீஷ்காரர்களுக்கு நாக்கு கிடையாது, அந்தச் சாமான் கெட்டுப் போனால்கூட அவர்களுக்குத் தெரியாது என்பாள். கடையே சிரிக்கும். யெராசிமோஸும் சிரிப்பான்.

சீசன் முடிந்து ஓட்டல்கள் அடைத்த பிறகும் எங்கள் பக்கத்து மலை ஊர்களில் இங்கிலீஷ்காரர்கள் இருப்பார்கள். வேலை ஓய்ந்து, வீடு வாங்கி, இங்கேயே தங்கிவிட்டவர்கள். அவர்களில் ஒருவர் கிளிஃபர்ட். வயது எழுபதைத் தாண்டியவர், மனைவியை இழந்தவர். நிறையப் பைகள் வைத்த, கையில்லாத பச்சைக் கோட்டு ஒன்றைக் கோடையிலும் கழற்ற மாட்டார். கிரேக்கம் பேசுவார். இலக்கணம் நொண்டும், ஆனால் விஷயம் போய்ச் சேர்ந்துவிடும்.

அந்த வருடம் மழைக்காலம் தொடங்கியதும் அவர் அடிக்கடி வர ஆரம்பித்தார். வந்தால் இங்கிலீஷ் அடுக்கின் முன்னால் நின்றுவிடுவார். ஒரு பாட்டிலை எடுப்பார், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார், திருப்புவார், நகத்தால் எதையோ சுரண்டுவார், வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். கடைசியில் எலுமிச்சையும் ரொட்டியும் மட்டும் வாங்கிக்கொண்டு போய்விடுவார். அவர் போன பிறகு ஸ்தமாத்தெல்லா போய்ப் பார்ப்பாள். சில பாட்டில்களில் ஒட்டுச் சீட்டு பாதி கிழிந்திருக்கும்.

விலைச் சீட்டை மாற்றி ஒட்டுகிறான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். அல்லது அந்தப் பைகளுக்குள் ஏதோ போகிறது. மாவு மூட்டை அடுக்குவது போல நின்று அவரைப் பார்ப்பாள். அவர் திரும்பினால் மூட்டையைப் பார்ப்பாள். அவரும் அவளை ஓரக் கண்ணால் பார்ப்பார். இரண்டு பேரும் இப்படி மாறி மாறிப் பார்த்துக்கொள்வதைப் பார்த்து நான் வேறு மாதிரி நினைத்துக்கொண்டேன். அதைச் சொன்னதற்கு அவள் என்னிடம் சில நாள் பேசவில்லை.

ஒருநாள் நேரே யெராசிமோஸிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். போலீசைக் கூப்பிடலாமா என்றும் கேட்டாள். அவன் கையை ஆட்டி, பாவம் கிழவன், தனி ஆள், பொழுது போகாமல் வருகிறான், விட்டுவிடு என்றான்.

அவள் திரும்பி வரும்போது முகம் சரியில்லை. என் மேடையில் சாய்ந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள். "போன மாசம் ஒரு ஆலிவ எடுத்து வாயில போட்டான்னு சொந்த மச்சானையே திட்டின ஆளு. இப்ப பாவம்ங்கறாரு. இதுல ஏதோ இருக்கு."

அன்றிலிருந்து அவள் சந்தேகம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு கண் கிழவர் மேல், ஒரு கண் முதலாளி மேல்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை. வெளியே நல்ல மழை, கடையில் கூட்டம். கிளிஃபர்ட் வந்தார். வழக்கம்போல நின்றார், எடுத்தார், சுரண்டினார். சுரண்டியதைச் சுருட்டிக் கோட்டுப் பையில் போட்டதை ஸ்தமாத்தெல்லா பார்த்துவிட்டாள். மாவு மூட்டையைப் போட்டுவிட்டு வந்து அவர் முழங்கையைப் பிடித்தாள்.

"பையில இருக்கறத எடுங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை. ஆனால் அவள் யாரையாவது பிடித்தால் கடையே தலையைத் திருப்பும். சாமான் தள்ளுவண்டிகள் நின்றன.

கிளிஃபர்ட்டின் கழுத்திலிருந்து காது வரைக்கும் சிவந்தது. அவர் மறுக்கவில்லை. ஒவ்வொரு பையாகக் காலி செய்து என் மேடை மேல் வைத்தார். ஒரு கயிற்றுச் சுருள், உதிர்ந்துபோன பழைய நாய் பிஸ்கட், திருகாணிகள், கைக்குட்டை, பிறகு ஒரு கைப்பிடி கிழிந்த ஒட்டுச் சீட்டுகள். எதிலும் விலை இல்லை. சாமானில் என்ன இருக்கிறது, எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று கிரேக்கத்தில் அச்சடித்து, இறக்குமதிப் பொருள் மேல் ஒட்டுகிற சீட்டுகள்.

"இத எதுக்குக் கிழிச்சீங்க?"

அவர் ஒரு சாலட் கிரீம் பாட்டிலை எடுத்து அவள் கையில் கொடுத்தார். கிரேக்கச் சீட்டைக் காட்டினார். அதில் அடுத்த வருடத்துத் தேதி. பிறகு நகத்தால் அதன் ஓரத்தைக் கிளப்பி மெல்ல உரித்தார். அடியில், கண்ணாடி மேலேயே, இங்கிலாந்தில் குத்திய தேதி. அது முந்தின வருடத்தோடு முடிந்திருந்தது.

ஸ்தமாத்தெல்லா படித்தாள். பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்து மறுபடி படித்தாள். அவரை நம்பாமல் தானே அடுக்குக்குப் போய், அவர் தொடாத கீழ்த் தட்டிலிருந்து ஒரு கஸ்டர்ட் டப்பாவை எடுத்து உரித்தாள். அதுவும் அப்படித்தான். புதினா சாஸ். அவரைக்கொட்டை டின். ஜாம் மட்டும் சரியாக இருந்தது, அது உள்நாட்டுச் சரக்கு.

விஷயம் இதுதான் என்று பின்னால் தெரிந்தது. இங்கிலாந்து ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போனதிலிருந்து அங்கிருந்து சாமான் வருவது பெரும் பாடாகிவிட்டது. துறைமுகத்தில் முடங்கும், விலையும் ஏறும். ஏதென்ஸில் ஒரு மொத்த வியாபாரி, தேதி முடிந்த சரக்கை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டிருக்கிறான். புதுச் சீட்டு ஒட்டியது எங்கள் கடைக்குப் பின்னால், சரக்கு அறையில். ஒட்டியது யெராசிமோஸ் கை.

ஆனால் அந்த நிமிடத்தில் அவள் கோபம் கிளிஃபர்ட் மேல்தான் போயிற்று. தெரிந்தும் ஏன் வாயை மூடிக்கொண்டு இருந்தீர்கள், திரும்ப அடுக்கிலேயே வைத்துவிட்டுப் போனீர்களே, இன்னொருத்தர் எடுத்துச் சாப்பிடட்டும் என்றா என்று கேட்டாள்.

அவர் தன் நொண்டிக் கிரேக்கத்தில் நிதானமாகச் சொன்னார். "மொதலாளிகிட்ட ரெண்டு தடவ சொன்னேன். சிரிச்சாரு. ஒரு ஒயின் பாட்டில் குடுத்தாரு. உங்க நாட்டுல சட்டம் அப்படியோ என்னமோன்னு எனக்குத் தெரியல. சீட்டச் சேத்து நகரத்துக்குக் கொண்டு போலாம்னு இருந்தேன்." மேடை மேலிருந்த சீட்டுகளைக் கையால் ஒன்று சேர்த்தார். "நீங்களும் கூட்டுன்னு நெனச்சேன்மா. எப்பப் பாத்தாலும் என்னையே பாத்துக்கிட்டு இருந்தீங்க."

வாழ்நாள் முழுக்க ஊரைச் சந்தேகப்பட்டவள் அவள். தன்னை ஒருவன் சந்தேகப்படலாம் என்பது அதுவரை அவளுக்குத் தோன்றியதே இல்லை என்று நினைக்கிறேன்.

அதற்குள் யெராசிமோஸ் வந்துவிட்டான். கூட்டத்தைப் பார்த்தான், மேடை மேலிருந்த சீட்டுகளைப் பார்த்தான். சிரித்துக்கொண்டே அவள் தோளில் கை வைத்தான். வாடிக்கைக்காரர்களுக்கும் கேட்க வேண்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னான்.

"நீ தான தெனம் சொல்லுவ, ஸ்தமாத்தெல்லா? இவங்களுக்கு நாக்கே கெடையாதுன்னு. இந்தச் சாமான் கெட்டா என்ன, கெடாட்டி என்ன?"

யாரோ பழக்க தோஷத்தில் சிரித்தார்கள். ஸ்தமாத்தெல்லா சிரிக்கவில்லை. கிளிஃபர்ட்டுக்கு அந்தக் கேலி புரிந்துவிட்டது. அவர் திருகாணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் திரும்பப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். அவள் முகம் வெளிறியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அது அவளுடைய கேலி. என் மேடையில் சாய்ந்து அவள் எத்தனையோ தடவை சொன்னது. ஒரு சொல்கூட மாறாமல் அவன் வாயிலிருந்து வந்தது.

அவள் ஒரு தள்ளுவண்டியை இழுத்து வந்து அடுக்கைக் காலி செய்ய ஆரம்பித்தாள். யெராசிமோஸ் குரலைத் தாழ்த்தி, வை, அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றான். அவள் நிறுத்தவில்லை. வண்டி நிரம்பியதும் அதை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த வரிசைக்குப் போனாள், குழந்தைகளின் பால் மாவு இருக்கும் வரிசைக்கு. எடுத்தாள், உரித்தாள். அடுத்தது. இடுப்பில் பிள்ளையோடு நின்ற இரண்டு பெண்களும் அவளோடு சேர்ந்து உரிக்க ஆரம்பித்தார்கள். மாவு, எண்ணெய், காபி என்று கடை முழுக்கப் போனாள். எங்கும் ஒன்றும் இல்லை. எல்லாத் தேதியும் சரி. அந்த ஒரு அடுக்கைத் தவிர.

யெராசிமோஸ் பின்னாலேயே வந்துகொண்டிருந்தான். "பாத்தியா, நம்ம சனங்களுக்கு நான் அப்படிச் செய்வேனா?" என்றான். அதில் அவனுக்கு உண்மையிலேயே ஒரு பெருமை இருந்தது.

"அதான் கும்பாரே" என்றாள் அவள். கடைக்குள் முதல் தடவையாக அவனை ஒருமையில் அழைத்தாள். "எல்லாத்துலயும் செஞ்சிருந்தா பேராசைக்காரன்னு விட்டிருப்பேன். நீ ஆள் பாத்துச் செஞ்சிருக்க."

கடை மேலங்கியைக் கழற்றி மடித்து என் மேடையில் வைத்தாள். மழையில் குடை இல்லாமல் போனாள்.

அந்தக் குளிர்காலம் அவளுக்கு லேசாக இல்லை. எவான்தியா தினமும் கேட்டாள், ஞானத் தகப்பனோடு சண்டை போட்டது ஏன் என்று. பள்ளிக்கூடத்தில் அவளை இங்கிலீஷ்காரி மகள் என்று கேலி செய்தார்கள். சில வாரத்தில் நகரத்திலிருந்து சுகாதார ஆட்கள் வந்தார்கள், சரக்கு அறையைத் திறக்கச் சொன்னார்கள், அபராதம் போட்டார்கள். யார் போட்டுக்கொடுத்தது என்று ஊர் பேசியது. ஸ்தமாத்தெல்லாதான் என்றார்கள் பாதிப் பேர். அவள் கிளிஃபர்ட் என்றாள். கிளிஃபர்ட்டோ, கடைக்கு ரொட்டி கொண்டுவருகிறவன் மேல் தனக்கு ஒரு சந்தேகம் என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார். நான் என்று யாரும் நினைக்கவில்லை. அது எனக்கு நல்லதாகப் போயிற்று.

கடைக்குத்தான் அடி விழுந்தது. மலை இங்கிலீஷ்காரர்கள் வருவது நின்றது. அதைவிட, எங்கள் ஆட்களே எதை எடுத்தாலும் நகத்தால் சுரண்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரு காலத்தில் ஒருத்தி செய்து ஊர் சிரித்ததை இப்போது ஊரே செய்தது.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று யெராசிமோஸ் அவள் வீட்டுக்கு வந்தான். ஞானத் தகப்பன் ஈஸ்டருக்குப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டிய மெழுகுவர்த்தியும் புதுச் செருப்பும் கையில். வாசலிலேயே நின்றான். எவான்தியா ஓடி வந்து வாங்கிக்கொண்டாள். ஸ்தமாத்தெல்லா உள்ளே வா என்று சொல்லவில்லை, ஆனால் கதவைச் சாத்தவும் இல்லை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, தப்புத்தான் என்றான், திரும்ப வா என்றான். யாரிடம் தப்பு என்று அவள் கேட்டாள். உன்னிடம் என்றான். என்னிடம் ஒன்றும் இல்லை, மலை மேல் போய் அந்த இங்கிலீஷ்காரரிடம் சொல் என்றாள்.

போய்ச் சொல்லிவிட்டேன் என்று அவன் வந்து சொன்னபோது அவள் அவன் வார்த்தையை நம்பவில்லை. கிளிஃபர்ட்டின் பக்கத்து வீட்டில் விசாரித்தாள். அதன் பிறகும் கிளிஃபர்ட்டிடம் கேட்டாள். ஈஸ்டர் கழிந்து வேலைக்குத் திரும்பினாள். அந்த அடுக்குக்கு என்ன வர வேண்டும் என்பதைத் தான்தான் முடிவு செய்வேன், சரக்கு அறைச் சாவி தன்னிடம்தான் இருக்கும் என்ற பேச்சின் மேல்.

அடுக்கு இப்போது பாதியாகச் சுருங்கிவிட்டது. என்ன வாங்கிப் போடலாம் என்று கிளிஃபர்ட்டைக் கேட்டாள். அவர் தேயிலை, மால்ட் வினிகர், ஓட்ஸ், ஊறுகாய் வெங்காயம், காரக் கடுகு என்றார். புதினா சாஸைத் தலை முழுகச் சொன்னார். அவர் ஒருத்தர் பேச்சை எப்படி நம்புவது? பமீலா என்று இன்னொரு இங்கிலீஷ்காரி, தெற்கு இங்கிலாந்துக்காரி, கடற்கரைப் பக்கம் இருக்கிறாள். அவளிடம் தனியாகக் கேட்டாள். பமீலா, புதினா சாஸ் இல்லாமல் ஆட்டுக்கறி ஏது என்று கேட்டாள், ஊறுகாய் வெங்காயம் வடக்குக்காரர்களின் பைத்தியம் என்றாள். ஸ்தமாத்தெல்லா என்னிடம் வந்து, இவங்க நாட்டுல ரெண்டு பேருக்கு ஒரே சாப்பாடு கெடையாது போல, இதுல யாரு நம்மகிட்ட பொய் சொல்றா என்றாள்.

இலையுதிர்காலத்தில் நோத்திஸின் கசாப்புக் கடையில் அவள் வரிசையில் நிற்கும்போது, முன்னால் கிளிஃபர்ட். மாட்டுக் குடல் கேட்டுக்கொண்டிருந்தார். நாய்க்கா என்று கேட்டாள். எனக்குத்தான் என்றார். அவள் நம்பாமல் நோத்திஸைப் பார்த்தாள். வாராவாரம் வாங்குகிறார், நாய் இருக்கிற மாதிரி தெரியவில்லை என்றான் நோத்திஸ். நாய் செத்து இரண்டு வருடம் ஆயிற்று என்றார் கிளிஃபர்ட்.

அங்கேயே நின்று சொன்னார். அவர் பிறந்த வடக்கு இங்கிலாந்துத் துணி ஆலை ஊரில், குடல் விற்கிற கடைகள் தனியாக இருந்தனவாம். அவருடைய அம்மா ஆலையில் வேலை பார்த்தவள். வெங்காயமும் பாலும் விட்டு மெல்லிய தீயில் வேக வைப்பாளாம். சிவப்பு பஸ் டப்பா பிஸ்கட்டை அவர்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லையாம்.

"நாங்க சாப்பிட்டது எந்த டப்பாவுலயும் வராதும்மா" என்றார்.

குடல் சூப்பைப் பத்சாஸ் என்று சொல்லி, விடிகாலையில் பூண்டு வினிகர் ஊற்றிக் குடிக்கிற ஊர் எங்களுடையது. ஸ்தமாத்தெல்லா பத்சாஸ் வைத்தால் தெருவே மணக்கும். பாலில் குடலா என்று அவள் முகத்தைச் சுளித்தாள். அடுத்த ஞாயிறு சமைக்கிறேன், வந்து பாருங்கள் என்றார்.

போனாள். துணைக்கு அரிஸ்தீதிஸ். எதற்கும் இருக்கட்டும் என்று தன் கையால் வைத்த பத்சாஸ் ஒரு பானையில். மற்றதை அரிஸ்தீதிஸ்தான் எனக்குச் சொன்னான். கிளிஃபர்ட் குடலைக் கழுவும்போது அவள் பக்கத்திலேயே நின்று பார்த்தாளாம். போதாது என்று தானே வாங்கி மறுபடி கழுவினாளாம். வெங்காயம் வெந்து, பால் சுண்டி வெள்ளைக் குழம்பாக வந்ததும் அவர் மேலே மிளகுத் தூள் போட்டுத் தட்டில் ஊற்றினார். அவள் கரண்டியை மூக்கருகே கொண்டுபோய் வெகுநேரம் வைத்திருந்தாள். பிறகு சாப்பிட்டாள். உப்பு பத்தாது, பூண்டு இல்லாத குடல் குடலே இல்லை என்றாள். ரொட்டியால் தட்டை வழித்து முடித்தாள். அவர் அவளுடைய பத்சாஸைக் குடித்துக் கண்ணில் நீர் வர இருமினார், இன்னொரு கிண்ணம் கேட்டார்.

சாப்பிட்ட பிறகு, கையைத் துடைத்துக்கொண்டு, அவரைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னாளாம். "நாக்கு இல்லன்னு நான் சொன்னது தப்புங்க."

கிளிஃபர்ட், அது போகட்டும் என்று காபி போட எழுந்து போனார்.

மலையிலிருந்து இருவரும் நடந்து இறங்கினார்கள். நல்ல மனுசன், இல்லையா என்று அரிஸ்தீதிஸ் கேட்டான்.

"நல்ல மனுசந்தான்" என்றாள். காலிப் பானையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தாள். "அந்தப் பால எங்க வாங்கினான்னுதான் கேக்க மறந்துட்டேன்."